கைரேகைத் துப்பாக்கி: ஹியூஸ்டனில் இருக்கும் மைத்துனருக்கு என்ன பதில் எழுதுவது?

தெம்பனிஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பத்தோடு ஹியூஸ்டனில் வசிக்கிறாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகனும் மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டு நடந்ததிலிருந்து, வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும் என்று மைத்துனர் தீர்மானித்துவிட்டார். பிள்ளைகள் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று தங்கை கேட்டதற்கு, உரிமையாளரின் விரலையோ முகத்தையோ அடையாளம் கண்டால் மட்டும் சுடும் துப்பாக்கி சந்தைக்கு வந்துவிட்டது, அதையே வாங்குவோம் என்கிறாராம். "சிங்கப்பூரில் உன் அண்ணன் வீட்டுக் கதவு எப்படித் திறக்கிறதோ, அப்படித்தான்" என்பது அவருடைய விளக்கம்.

தங்கை என் கருத்தைக் கேட்கிறாள். நான் தேசிய சேவையை (சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பணி) முடித்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. துப்பாக்கியைப் பற்றி எனக்கு மிஞ்சியிருப்பது தோள்வலியின் நினைவு மட்டுமே. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கலாமா கூடாதா என்ற பெரிய விவாதத்தை இங்கே தொடங்க நான் விரும்பவில்லை. அது அவர்கள் நாட்டுச் சட்டம், அவர்கள் வீட்டு முடிவு. மின்னணுப் பூட்டு உள்ள இத்தகைய துப்பாக்கியில் என்னென்ன குறைகள் உண்டு, விளம்பரத்தில் சொல்லாமல் விடுவது எது என்பதைத் துறை தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய ஆர்ம்ஸ்கோட்

ஐயா, வணக்கம். நான் படையில் ஆயுதப் பராமரிப்பில் நிரந்தரப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆர்ம்ஸ்கோட் என்று நாம் சொல்லும் ஆயுத அறைதான் பல ஆண்டுகள் எனக்கு அலுவலகம். (இந்திய இராணுவத்திலும் அதைக் 'கோத்' என்றுதான் சொல்கிறார்கள், சொல் எங்கிருந்து நம்மிடம் வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.)

உங்கள் மைத்துனரின் கதவு உவமையையே எடுத்துக்கொள்கிறேன். கதவு விரலை ஏற்கவில்லை என்றால் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறோம். அப்போதும் ஆகவில்லை என்றால் எண்ணை அழுத்துகிறோம். அதுவும் இல்லை என்றால் உள்ளே இருப்பவரைக் கூப்பிடுகிறோம். வாசலில் நிற்பவருக்கு ஒரு நிமிடம் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியை எடுப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடையாது.

நீங்கள் பழகியது நம் படையின் எஸ்ஏஆர் 21 ரைஃபிளாக இருந்தால் ஒன்று நினைவிருக்கும். சுட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, மூளை யோசிக்காமல் கை தானே செய்யும்வரை, நூறு முறை செய்ய வைத்திருப்பார்கள். அதன் மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. தோட்டா மீதமிருக்கிறதா என்பதைக் கழற்றாமலே கண்ணால் பார்த்துவிடலாம். மேலே உள்ள கைப்பிடியை இழுத்தால் உள்ளே சிக்கியது வெளியே வந்து விழும். இயந்திரக் கோளாறு என்பது கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற ஒன்று, ஆகவே அதற்கு ஒரு பயிற்சியை வகுக்க முடிகிறது. மின்னணுக் கோளாறுக்கு இழுப்பதற்குக் கைப்பிடி ஏது? விசையை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மின்கலம் தீர்ந்ததா, விரல் பதியவில்லையா, மென்பொருள் உறைந்துவிட்டதா, அல்லது வழக்கமான தோட்டாச் சிக்கல்தானா என்பதை இருட்டில் நிற்கும் ஒருவர் எப்படி அறிவார்? கோளாறின் எண்ணிக்கையை விட, இன்ன கோளாறு என்று தெரியாமல் போவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

இன்னொன்று, பராமரிப்பு. துப்பாக்கி எண்ணெயும் கரியும் புழங்கும் பொருள். சுத்தம் செய்த துணியால் கைப்பிடியை ஒரு தடவு தடவினால் போதும், விரல் வைக்கும் கண்ணாடியின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்துவிடும். ஒவ்வொரு சூட்டிலும் மேற்பகுதி பின்னால் பாய்ந்து மோதி முன்னால் திரும்புகிறது. அந்த அடியை ஆயிரக்கணக்கான முறை தாங்க வேண்டியவை மின்சுற்றின் பாகங்களை இணைக்கும் நுண்ணிய ஈயப் பற்றுகள். அது தாங்காது என்று நான் சொல்லவில்லை. தாங்கிற்றா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

சுடாமலே கிடப்பது அதைவிட மோசம். வீட்டுத் துப்பாக்கியின் ஆயுளில் பெரும்பகுதி இழுப்பறையில்தான் கழிகிறது. போன மாதம் மின்சாரம் நின்றபோது என் சமையலறை இழுப்பறையில் இருந்த டார்ச்சைத் தேடி எடுத்தேன். எரியவில்லை. மூடியைத் திருகினால் உள்ளே மின்கலம் கசிந்து, ஸ்பிரிங் முழுவதும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆயுதங்களைக் கணக்குப் பார்த்தே காலம் கழித்த என் வீட்டில் இந்த நிலை. துப்பாக்கியில் இருப்பது வேறு வகை மின்கலம், இப்படிக் கசியாது என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் அதை மின்னேற்ற மறந்துபோகும் மனிதர் அதே மனிதர்தான்.

சுற்றுப்பலகை

அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துவது என் தொழில். மேலே பெரியவர் சொன்னதை மின்னணுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டுகிறேன்.

எந்த அடையாளக் கருவியும் இரண்டு விதமாகத் தவறும். உரியவரை வெளியே நிறுத்தலாம், அல்லது உரிமையில்லாதவரை உள்ளே விடலாம். இரண்டும் ஒரே திருகின் இரு பக்கங்கள். ஒன்றைக் குறைக்கத் திருகினால் மற்றது ஏறும். ஒரு பெரிய சமையற்கூடத்தில் ஒருமுறை கைரேகைக் கருவி பொருத்தினோம். காலையில் உலர்ந்த கையோடு வரும்போது எல்லாரையும் ஏற்றது. பிற்பகலில் பாத்திரம் கழுவும் அம்மாவை மட்டும் விடாப்பிடியாக மறுத்தது; நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி காலையில் பதிவான விரல்நுனி அன்று. அவருக்காகக் கண்டிப்பைத் தளர்த்தியபோது, அவர் உள்ளே வந்தார். கூடவே கருவியின் மீதிருந்த எங்கள் நம்பிக்கையும் கொஞ்சம் தளர்ந்தது. கடைசியில் அவருக்கு ஓர் அட்டை கொடுத்தோம். துப்பாக்கியில் அந்த அட்டைக்கு இடமில்லை.

உங்கள் மைத்துனர் பார்த்திருப்பது அநேகமாகக் கொலராடோவைச் சேர்ந்த பயோஃபயர் நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கியாக இருக்கும். அறிவிப்பின்போது விலை 1,499 அமெரிக்க டாலர். விரல், முகம் ஆகிய இரண்டில் எது முதலில் தெரிந்தாலும் அது திறந்துகொள்ளும். ஈரக்கை, கையுறை, முகத்தை மறைக்கும் இருட்டு ஆகியவற்றுக்கு இது நல்ல தீர்வு. உரியவரை மறுக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் நுழைவதற்கு இரண்டு வாசல் வைத்தால் தவறானவர் நுழையவும் இரண்டு வாசல் உண்டு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மேலும் அதில் விசைக்கும் தோட்டாவைத் தட்டும் பகுதிக்கும் இடையே இயந்திர இணைப்பு கிடையாது. விசை ஒரு மின்குறிப்பை அனுப்புகிறது, அவ்வளவே. பூட்டு மட்டுமன்றிச் சுடுவதே மின்சாரத்தை நம்பியிருக்கிறது.

கோளாறு வந்தால் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் ஒரே விடை இல்லை. தீ விபத்தில் கதவு திறந்துகொள்ள வேண்டும், பணப்பெட்டி பூட்டிக்கொள்ள வேண்டும். துப்பாக்கி கதவா, பணப்பெட்டியா? அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 2016 நவம்பரில் காவல்துறைக்கான மின்னணுத் துப்பாக்கிகளுக்கு அடிப்படை வரையறைகளை வெளியிட்டபோது, பாதுகாப்புக் கருவி பழுதானால் துப்பாக்கி சுடக்கூடிய நிலையில் நிற்க வேண்டும் என்று எழுதியது. காவலருக்கு அது சரி. ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதைவிட ஆபத்தான வரையறை இருக்க முடியாது. வீட்டுக்கு ஏற்றபடி பூட்டிய நிலையில் நிற்கச் செய்தால், தற்காப்புக்கு என்று வாங்கிய பொருள் தேவைப்படும் நேரத்தில் வெறும் இரும்புக் கட்டியாகிவிடும். இந்த முடிச்சை மேலும் நல்ல சில்லு போட்டு அவிழ்க்க முடியாது.

பழைய அனுபவம் ஒன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் நிறுவனம் ஐபி1 என்ற .22 கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதோடு ஒரு கைக்கடிகாரம் வரும். கடிகாரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் சுடும். வலது மணிக்கட்டில் கடிகாரம் கட்டியவர் அடிபட்டு இடது கையால் சுட நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2017இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப் கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், புளோர் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் இந்தத் துப்பாக்கியை மூன்று வழிகளில் தோற்கடித்துக் காட்டினார். கடிகாரத்தின் அலையை இடைமறித்துத் தொலைவுக்குக் கடத்தினார். அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி உரியவரே சுட முடியாமல் செய்தார். மூன்றாவதாக, 15 டாலருக்கு வாங்கிய காந்தங்களைப் பக்கத்தில் வைத்தே பூட்டை விலக்கிவிட்டார். கடிகாரமே தேவைப்படவில்லை. சாவியில்லாக் கார்களைத் திருடும் முறையும் முதல் வழியைப் போன்றதுதான் என்பதால், எங்கள் துறையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காந்தம் மட்டும் எல்லாரையும் சிரிக்க வைத்தது.

தெம்பனிஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். நம் ஊரிலேயே 2015இல் கூ டெக் புவாட் மருத்துவமனையில், காவலில் இருந்த ஒருவர் அதிகாரியின் ரிவால்வரைப் பறித்துச் சுட்ட சம்பவம் நடந்தது. அத்தகைய நேரத்தில் இந்தப் பூட்டு பயன்பட்டிருக்காதா?

பழைய ஆர்ம்ஸ்கோட்

பயன்படக்கூடிய இடம் அதுதான், மறுக்க மாட்டேன். கையை விட்டு நீங்கிய கணமே பூட்டிக்கொள்ளும் கைரேகை வகையாக இருந்தால் பறித்தவரால் சுட முடியாது. கடிகார வகையாக இருந்தால் கதை வேறு. இருவர் கட்டிப் புரளும்போது துப்பாக்கிக்கும் கடிகாரத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கும்? பறித்தவரும் அந்த வட்டத்துக்குள்தான் இருப்பார். சீருடைக்காரர்களுக்குப் பாதிப் பயன், பாதி ஐயம். உங்கள் மைத்துனரின் தேவை அதுவும் அன்று.

ஈசூன் வாணி

எனக்கு மின்சுற்றும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது. பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். உரிமையாளருடைய விரலை அறிந்துகொள்ளும் பூட்டு, உரிமையாளரே மனம் உடைந்து எடுக்கும்போது மறு கேள்வி கேட்காமல் திறந்துவிடும். அந்தப் பூட்டுக்குத் தெரிந்தது யார் என்பது மட்டும். எந்த மனநிலையில் என்பது அதற்குத் தெரியாது. பதின்ம வயதுப் பிள்ளை தந்தையின் துப்பாக்கியை எடுப்பதை அது தடுக்கலாம், அது சிறிய காரியம் அன்று. தந்தையை அது தடுக்காது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், "பாதுகாப்பான துப்பாக்கி" என்ற பெயரே இந்த ஆபத்தை மறைத்துவிடும்.

பெயரைப் பற்றிச் சொன்னதால் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மரக்கதவைச் சாத்தி, வெளியே உள்ள கம்பிக் கதவையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவேன். மகன் மின்னணுப் பூட்டு போட்டுக் கொடுத்த பிறகு கம்பிக் கதவைப் பூட்டுவதை விட்டுவிட்டேன். இதுதான் தானாகப் பூட்டிக்கொள்கிறதே. ஒரு நாள் தேக்காவிலிருந்து கீரைக்கட்டும் மீனுமாகத் திரும்பினால் கதவு விரலளவு திறந்திருக்கிறது. பேரனின் ஜப்பான் செருப்பு ஒன்று நிலையில் சிக்கியிருந்ததால் கதவு சாத்திக்கொள்ளவே இல்லை. மூன்று மணி நேரம் வீடு அப்படியே கிடந்திருக்கிறது. பூட்டு பழுதாகவில்லை, பழுதானது என் எச்சரிக்கை. சாதாரணத் துப்பாக்கியை அலமாரியின் உச்சியில் பூட்டி வைத்து, தோட்டாவை வேறிடத்தில் வைக்கும் அதே தந்தை, கைரேகைத் துப்பாக்கியைக் கட்டில் பக்கத்து மேசையில் தோட்டாவோடு வைப்பார். அப்படி வைக்கலாம் என்பதுதானே அதை வாங்குவதன் நோக்கமே! பிள்ளை பக்கத்து வீட்டில் வேறொரு சாதாரணத் துப்பாக்கியைக் கண்டால், அதுவும் சுடாது என்று எண்ணிக்கொள்ளாதா?

எடிசனிலிருந்து திரும்பியவன்

நியூ ஜெர்சியில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவன் நான். மேலே உள்ள பதில்களில் நியாயம் இருந்தாலும், ஓர் எதிர்க்கருத்தையும் பதிவுசெய்ய வேண்டும். இந்தத் தொழில்நுட்பம் இன்னும் முதிராமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று.

நியூ ஜெர்சி 2002இல் ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் எங்காவது இத்தகைய துப்பாக்கி விற்பனைக்கு வந்தால், அதிலிருந்து மூன்று ஆண்டுகளில் அம்மாநிலத்தில் விற்கும் கைத்துப்பாக்கிகள் எல்லாமே இந்த வகையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான், விளைந்தது நேர்மாறு. ஒரு கடையில் ஒன்று விற்றால்கூடக் கட்டாயம் தொடங்கிவிடும் என்பதால், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடுபவர்கள் முதல் விற்பனையையே தடுப்பதில் முனைந்தார்கள். 2014இல் ஆர்மாட்டிக்ஸ் துப்பாக்கியை விற்கப்போவதாகச் சொன்ன மேரிலாந்துக் கடைக்காரர் ஒருவர் கொலை மிரட்டல்கள் வந்ததும் பின்வாங்கினார். அதற்கு முன், 2000இல் கிளின்டன் அரசோடு உடன்பாடு செய்துகொண்டு இத்துறையில் இறங்குவதாக வாக்களித்த ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் வாடிக்கையாளர்களின் புறக்கணிப்பால் ஆட்டம் கண்டது. நியூ ஜெர்சி தன் சட்டத்தை 2019இல்தான் மாற்றியது. இப்போது கட்டாயம் வாங்குபவருக்கு இல்லை, அங்கீகரிக்கப்பட்ட ஒரு வகையையாவது கடைக்காரர் வைத்திருக்க வேண்டும் என்பதோடு நிற்கிறது. இருபது ஆண்டுகள் யாரும் வாங்கிப் பழகாத பொருளிடம் இருபது ஆண்டு அனுபவத்தின் நம்பகத்தை எதிர்பார்க்கிறோம் என்பதே என் குறை.

அதற்காக உங்கள் மைத்துனரை முதல் சோதனையாளராக இருக்கச் சொல்ல மாட்டேன். டெக்சாஸ் சட்டப்படி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியை 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கிட்டும்படி விட்டுவைப்பது குற்றம். கைரேகைப் பூட்டு இருந்தது என்பதை அங்கே ஒரு நீதிபதி எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த நாட்டில் ஏற்கனவே பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 'சிறு ஆயுத ஆய்வு' அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. அவற்றில் எதற்கும் விரலும் தெரியாது, முகமும் தெரியாது. வாணி அம்மா சொன்ன பக்கத்து வீட்டுத் துப்பாக்கி கற்பனை அன்று.

சுற்றுப்பலகை

எடிசன் நண்பரின் வாதத்தை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பழகப் பழகச் சில்லு மேம்படும், மின்கலம் மேம்படும். கோளாறில் பூட்டுவதா திறப்பதா என்பது மேம்படாது. தெம்பனிஸ்வாசி அவர்களே, துப்பாக்கியை வாங்கியே தீர்வார் என்றால், மின்னணுவைத் துப்பாக்கிக்குள் தேடாமல், சாதாரணத் துப்பாக்கியைச் சுவரில் திருகிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டைப் போடச் சொல்லுங்கள். அதற்கு மின்கலம் வேண்டாம், ஈரக்கையும் தடையில்லை, விரலால் தடவியே இருட்டில் திறக்கலாம். என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன் என்பது தெரிகிறது.

தெம்பனிஸ்வாசி

எல்லாருடைய பதில்களையும் தங்கைக்கு அனுப்பினேன். நேற்றிரவு மைத்துனரே அழைத்தார். காந்தக் கதையை அவர் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு மறுபடியும் அழைத்தார். கைரேகைத் துப்பாக்கியை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். துப்பாக்கி எண்ணத்தை விடவில்லை. பொத்தான் பூட்டு உள்ள பெட்டியைத் துணி அலமாரியின் மேல் தட்டில் திருகலாம் என்று இடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். தங்கைக்குத் தன் பங்குக்கு ஒரே நிபந்தனை: தோட்டா வேறு பெட்டியில், அதன் எண் அவளிடம் மட்டும். அதைப் பற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய ஆர்ம்ஸ்கோட்

நல்லது. எண் வைக்கும்போது மகனின் பிறந்த நாளை மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான்.